பிள்ளைகளைத் தேடிப் போன நாடு



பால் பொங்கிய கையோடு தைப்பூச வேலைகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும் உங்களைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அட்லாண்டிக் கடல் நடுவில் கிடக்கும் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஆசிரியர் பக்கத்தில் காற்பந்தா என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சில மாதங்களாக என் மனத்தை விட்டு அகலாத விஷயம் இது. நம் பினாங்குக்கும், நம் வீட்டுப் பையன்களுக்கும் இதில் பங்கிருக்கிறது.

நாட்டின் பெயர் கேப் வெர்டே. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், செனகலிலிருந்து ஏறக்குறைய 570 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பத்து எரிமலைத் தீவுகள். அவற்றில் ஒன்பதில்தான் ஆட்கள் வாழ்கிறார்கள். மொத்த மக்கள் தொகை ஐந்து லட்சத்தைச் சற்றுத் தாண்டும். தீவும் செபராங் பிறையும் சேர்ந்த நம் மாநிலத்தில் 17 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். நம்மில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த நாடு, 2025 அக்டோபர் 13ஆம் நாள், தலைநகர் பிராயாவில் எஸ்வாத்தினியை 3-0 என்று வென்று உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அதே பிரிவில் கேமரூன் இருந்தது. எட்டு முறை உலகக் கிண்ணம் ஆடிய கேமரூன். செப்டம்பரில் அதையும் 1-0 என்று வென்று பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள்.

எஸ்வாத்தினிக்கு எதிரான மூன்றாவது கோலை, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், மாற்று ஆட்டக்காரராக இறங்கி அடித்தவர் ஸ்தோபிரா. வயது 37. கோல்காவலர் வொசின்யாவுக்கு 39. நாட்டுக்கு விடுதலை கிடைத்தது 1975 ஜூலை 5இல். ஐம்பதாவது ஆண்டு கொண்டாட்டம் முடிவதற்குள் அந்தப் பரிசு வந்து சேர்ந்தது. 2026 ஜூன் 15ஆம் நாள் அட்லாண்டாவில் ஸ்பெயினோடு அவர்களுக்கு முதல் ஆட்டம். உருகுவேயும் சவூதி அரேபியாவும் அதே பிரிவில் இருக்கின்றன.

வெற்றிச் செய்தியை எல்லாப் பத்திரிகைகளும் எழுதிவிட்டன. எனக்குச் சொல்ல இருப்பது அந்த அணி எப்படிச் சேர்ந்தது என்பதைப் பற்றி.

அந்தத் தீவுகளில் மழை அரிது. போர்த்துக்கீசியர் பதினைந்தாம் நூற்றாண்டில் வந்தபோது அங்கே மனிதர்களே இல்லை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் போர்த்துக்கீசியரும் சேர்ந்து உருவான சமூகம் அது. வானம் பொய்த்தால் பஞ்சம். 1940களில் மட்டும் இரண்டு பெரும் பஞ்சங்களில் பல்லாயிரம் பேர் மாண்டுபோனார்கள். அதனால் அங்கே பிறந்தவர்கள் காலங்காலமாகக் கடலேறினார்கள். திமிங்கல வேட்டைக் கப்பல்களில் ஏறி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போனவர்கள் உண்டு. பிறகு லிஸ்பனுக்கும் ரோட்டர்டாமுக்கும் பாரிசுக்கும் போனார்கள். இன்னும் பலரைப் போர்த்துக்கீசிய அரசே ஒப்பந்தம் எழுதி, சாவோ தோமே தீவின் கொக்கோ தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பியது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. செசாரியா எவோரா என்ற அந்நாட்டுப் பாடகி உலகம் முழுக்கப் பெயர் பெற்றது, சாவோ தோமேவுக்குப் போகும் அந்த நெடுவழியைப் பற்றிப் பாடித்தான்.

ஒப்பந்தம், கப்பல், தோட்டம், திரும்பாத பயணம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று கேப் வெர்டே மக்களில் நாட்டுக்குள் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள்தான் அதிகம் என்கிறார்கள். அந்த நாட்டுக் காற்பந்துச் சங்கம் 1982இல்தான் தொடங்கியது. பிஃபாவில் சேர்ந்தது 1986இல். பணம் கிடையாது. ஆட்கள் குறைவு. ஆனால் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தன் பிள்ளைகளை ஒருவர் விடாமல் தேடிப் பிடிக்கும் பிடிவாதம் அவர்களிடம் இருந்தது.

ரோபர்தோ லோபஸ் கதையைக் கேளுங்கள். டப்ளினில் பிறந்தவர். அம்மா அயர்லாந்துக்காரர், அப்பா கேப் வெர்டேக்காரர். உள்ளூர்க் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடிக்கொண்டிருந்தார். 2018இல் லிங்க்டுஇன்னில் அவருக்கு ஒரு செய்தி வருகிறது. எழுதியவர் கேப் வெர்டேயின் அப்போதைய பயிற்றுநர் ருயி ஆகுவாஸ். போர்த்துக்கீசிய மொழியில் இருந்ததால் லோபசுக்குப் புரியவில்லை. ஏதோ விளம்பரம் என்று ஒதுக்கிவிட்டார். மாதங்கள் கழிந்து, யோசித்தீர்களா என்று கேட்டு இன்னொரு செய்தி. இம்முறை கணினியில் மொழிபெயர்த்துப் படித்தார். உங்கள் அப்பாவின் நாட்டுக்காக ஆட வருகிறீர்களா என்ற அழைப்பு அது. 2019இல் அந்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டார். கேமரூனையும் எஸ்வாத்தினியையும் தடுத்து நின்ற தற்காப்பில் அவர் இருந்தார்.

பதில் வராத கடிதத்துக்கு மறுகடிதம் எழுதிய அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு நாட்டின் தேசியப் பயிற்றுநர் அவர். உட்கார்ந்து பெயர் பெயராகத் தேடி, டப்ளினில் ஒரு பையன் இருக்கிறான், அவன் அப்பா நம் ஊர்க்காரர் என்று கண்டுபிடித்து, ஒரு முறை பதில் வராதபோதும் விட்டுவிடாமல் இரண்டாம் முறை எழுதியிருக்கிறார். ரோட்டர்டாமில் பிறந்தவர்கள் மட்டுமே பல பேர் அந்த அணியில் இருக்கிறார்கள். கேமரூனுக்கு எதிராகவும் எஸ்வாத்தினிக்கு எதிராகவும் கோல் புகுத்திய டைலோன் லிவ்ரமென்தோ அவர்களில் ஒருவர்.

வெளிநாட்டில் வளர்ந்தவர்களை மட்டும் வைத்து அந்த அணி அமைந்துவிடவில்லை. ஸ்தோபிரா பிராயாவில் பிறந்தவர். வொசின்யா சாவோ விசென்தே தீவின் மிண்டெலோ நகரத்துக்காரர். இப்போதைய பயிற்றுநர் புபிஸ்தா போவா விஸ்தா தீவில் வளர்ந்து, தேசிய அணிக்கே தலைவராக இருந்தவர். 2020 முதல் பொறுப்பில் இருக்கிறார். இடையில் ஒரு பெரிய சறுக்கலும் வந்தது. 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கிண்ணத்தின் காலிறுதி வரை போன அணி, அடுத்த ஆப்பிரிக்கக் கிண்ணத்துக்குத் தகுதியே பெறவில்லை. தன் பிரிவில் கடைசி இடம். பல நாடுகளில் அன்றே பயிற்றுநரின் பெட்டியைக் கட்டி அனுப்பியிருப்பார்கள். அங்கே அவரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டே உலகக் கிண்ணம் கைகூடியது.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

கேப் வெர்டே கொண்டாடிய அதே அக்டோபரில், முதல் வாரத்தில், பிஃபா வெளியிட்ட தீர்ப்பு விளக்கத்தில் நம் ஊரின் பெயர் இருந்தது. 2025 ஜூன் 10ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று மலேசியா வென்ற ஆட்டத்தில் இறங்கிய, அல்லது அந்த ஆட்டத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட ஏழு வெளிநாட்டுப் பிறப்பு ஆட்டக்காரர்களைப் பற்றிய வழக்கு அது. தாத்தாவோ பாட்டியோ மலேசியாவில் பிறந்தவர்கள் என்ற அடிப்படையில்தான் அவர்கள் தகுதி பெற்றார்கள். பிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு மூலப் பிறப்புச் சான்றிதழ்களை வரவழைத்துப் பார்த்தது. அந்தத் தாத்தா பாட்டிகள் அர்ஜெண்டினாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பிறந்தவர்கள் என்று சொல்லிவிட்டது. ஏழு பேருக்கும் ஓராண்டுத் தடை. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். சங்கம் மேல்முறையீடு செய்தது. நவம்பரில் அதுவும் தள்ளுபடியானது.

தகுதிக்காகக் காட்டப்பட்ட அந்த ஏழு பேரின் தாள்களில் மூன்றில், தாத்தா பாட்டி பிறந்த இடம் என்று எழுதியிருந்தது பினாங்கு. ஒன்றில் ஜார்ஜ்டவுன் என்றே இருந்தது.

அதைப் படித்த நாளில் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. யார் செய்தார்கள், எப்படி நடந்தது என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். என் வருத்தம் வேறு. காற்பந்துக்காக ஒரு பினாங்குத் தாத்தாவைத் தாளில் உருவாக்க வேண்டிய நிலைக்கு நாம் எப்படி வந்தோம்? உண்மையான தாத்தாக்கள் இங்கே நிறையப் பேர் இருந்தார்களே. அவர்களுடைய உண்மையான பேரப்பிள்ளைகள் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் நிபோங் திபாலிலும் இன்றும் இருக்கிறார்களே.

வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வரட்டும். கூச்சிங்கில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த டியோன் கூல்ஸ் நம் அணிக்குத் தலைவராகவே இருந்திருக்கிறார். அவருடைய உழைப்பைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. தேடுவதாக இருந்தால் கேப் வெர்டே தேடியதைப் போல் தேட வேண்டும். அதோடு, வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் எண்ணினோம். இளைய வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1971இல் சியோலுக்கே போய்த் தென் கொரியாவை 1-0 என்று வென்று, ஜப்பானையும் வென்று, 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது மலேசியா. அன்று நம் நாட்டு மக்கள் தொகை ஒரு கோடியைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது. விடுதலை கிடைத்துப் பதினைந்து ஆண்டுகள். நாமும் அன்று ஒரு சின்ன நாடுதான். மியூனிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். மேற்கு ஜெர்மனியிடமும், ஆப்பிரிக்காவின் மொரோக்கோவிடமும் தோற்றோம். தற்காப்பில் நின்றவர் எம். சந்திரன். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். பினாங்கிலிருந்து நாமாட் அப்துல்லா, ஷாருடின் அப்துல்லா என்று அண்ணன் தம்பிகள். பாக்கார் குடும்பத்துச் சகோதரர்கள். ஒரே மாநிலத்தின் இரண்டு வீடுகள் தேசிய அணியை நிரப்பிய காலம். 1974இல் பேராக்கை வென்று மலேசியக் கிண்ணத்தையும் பினாங்கு கொண்டுவந்தது. டத்தோ கெராமாட் பக்கம் மாநகர் அரங்கத்தில் எழுந்த ஆரவாரத்துக்கு நாடு முழுக்கப் பெயர் இருந்தது.

பிறகு ஆறுமுகம். நீண்ட கைகளை வைத்து ஸ்பைடர்மேன் என்று நாடே அழைத்த கோல்காவலர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் சோ சின் ஆன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹாசான் சானி ஆகியோரோடு கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர். ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது அவருக்கு வயது 35. 2016இல் வந்த ஓலா போலா திரைப்படத்தில் முத்து என்ற கோல்காவலரைப் பார்த்து நம் பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் ஓர் ஆறுமுகம் இருந்தார் என்று எத்தனை வீடுகளில் சொல்லிக் கொடுத்தோம்?

அண்மைக் காலத்தில் நமக்குக் கிடைத்த பெருமைக்கும் ஒரு தமிழர் பெயர் உண்டு. பயிற்றுநர் கே. ராஜகோபால் தலைமையில் 2009இல் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சீ விளையாட்டுத் தங்கம். 2010இல் இந்தோனேசியாவை வென்று முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணம். எஸ். குணாளன் அந்த அணியின் பையன்களில் ஒருவர். அப்போது உள்நாட்டு லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளையே நம்பியாக வேண்டிய காலத்தில் கிடைத்த கிண்ணம் அது. தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் பள்ளித் திடல், காவல் துறை, ரயில்வே, பொதுப்பணித் துறை அணிகளிலிருந்து. அவற்றுக்கெல்லாம் முந்திய ஊற்று ஒன்று இருந்தது: தோட்டத்துத் திடல்.

தோட்டத்தில் ஏன் காற்பந்து வளர்ந்தது என்று நிபோங் திபால் பக்கம் ஒட்டுக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். தோட்ட அணியில் இடப்பக்கம் ஆடியவர். அவர் சொன்னது இது:

“மரம் வெட்டுறது விடியக்கால வேலை தம்பி. பால எடுத்து ஸ்டோருல எடை போட்டுட்டா மத்தியானம் வேலை முடிஞ்சிரும். அப்புறம் என்ன செய்யிறது? சாப்பிட்டு ஒரு தூக்கம். நாலு மணிக்கெல்லாம் திடலு. பந்து ஒண்ணுதான். கிராணி வீட்டுல இருக்கும். அவரு மகன்தான் கேப்டனு.”

“பூட்ஸ் இருந்ததா ஐயா?”

“பதினோரு பேருக்கு ஆறு ஜோடி. முன்னாடி ஆடுறவனுக்கு முதல்ல. நான் பின்னாடி, எனக்கு வெறுங்காலு. பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடப் போனா லாரிதான். ஜெயிச்சா தொரை கிண்ணம் கொடுப்பாரு. தோத்துட்டா லாரியில ஒருத்தனும் பேச மாட்டான்.”

அவர் சொன்னதில் ஒரு பெரிய காரணம் இருக்கிறது. ரப்பர் வேலை பிற்பகலை இளைஞர்களுக்கு விட்டுவைத்தது. லயன் வீடுகளுக்கு எதிரிலேயே திடல் இருந்தது. புல் வெட்டத் தோட்ட நிர்வாகமே ஆள் வைத்திருந்தது. பக்கத்துத் தோட்டம் என்ற எதிரணி இருந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது. வறுமையும் கூலியும் அடக்குமுறையும் நிறைந்த வாழ்க்கைதான்; அதை இனிப்புத் தடவிப் பேச நான் விரும்பவில்லை. ஆனாலும் ஒரு பையன் பந்து ஆடக் கற்றுக்கொள்ளத் தேவையான நேரம், இடம், எதிரணி, பார்க்கிற கண்கள் எல்லாம் அங்கே ஒன்றாக இருந்தன.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவையில்லை. இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிற்பேட்டைகளுக்கும் வீடமைப்புக்கும் விற்கப்பட்டன. நம்மவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபோனார்கள். கூரையும் தண்ணீரும் மின்சாரமும் கிடைத்தன. திடல் மட்டும் கூட வரவில்லை. அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பந்து உதைத்தால் யாராவது கத்துவார்கள். பக்கத்தில் இருக்கும் ஃபுட்சால் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. பத்துப் பையன்கள் காசு சேர்த்து வாரத்தில் ஒரு மணி நேரம் ஆடலாம். எட்டு வயதுப் பையனால் அதுவும் முடியாது.

பத்து காவானை நினைத்துப் பாருங்கள். கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை என்று தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் பாடுபட்ட மண். அங்கேதான் 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்காக 40,000 பேர் அமரும் மாநில அரங்கம் எழுந்தது. 2014இல் இரண்டாவது பாலமும் அங்கே வந்து இறங்கியது. இன்று உலகப் பெரும் நிறுவனங்களின் தொழிற்சாலைகள் நிற்கின்றன. பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மாநில அரங்கத்தின் புல்லில் கால் வைத்திருப்பார்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். ஆண்டுக்கு ஒரு நாள், மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் அந்த அரங்கத்தைத் திறந்துவிட்டால் என்ன என்று மாநில அரசையும் விளையாட்டு மன்றத்தையும் இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மேடையும் மாலையும் வேண்டாம். பந்தும், வரிசையாகக் கட்டிய கோல் கம்பங்களும், பையன்களையும் பெண் பிள்ளைகளையும் உட்கார்ந்து கவனித்துப் பெயர் குறித்துக்கொள்ளும் நான்கு பயிற்றுநர்களும் போதும்.

முயற்சி செய்தவர்களையும் சொல்ல வேண்டும். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மிஃபா, சொந்த அணி ஒன்றைக் கட்டி நாட்டின் இரண்டாம் நிலை லீக் வரை கொண்டுபோனது. அந்த அணிதான் 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. கே. தேவன், பி. மணியம் போன்றவர்கள் பயிற்றுநர்களாக இருந்தார்கள். பணக்கார அணிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் குவித்துக்கொண்டிருந்த நேரத்தில், மணியம் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து முதல்நிலை லீக்கில் தாக்குப்பிடித்தார். எத்தனையோ தமிழ்ப் பையன்களுக்கு அங்கே சம்பளமும் சட்டையும் கிடைத்தன. 2022 பருவத்தோடு அந்த அணி விலகிக்கொண்டது. ஒரு நல்ல கதவு சாத்திக்கொண்டதே என்று அன்று நம் சமூகம் இன்னும் பலமாகக் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கு நம் ஊரில் பணம் புரட்டுபவர்களின் திறமை எனக்குத் தெரியும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள், நாள் முழுக்க ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறவர்கள், எந்த அரசு உதவிக்கும் காத்திருப்பதில்லை. குறிப்பேட்டில் பெயர் எழுதி, ஆள் ஆளாகப் போய்ப் பார்த்து, இல்லை என்றவரிடம் மறுவாரமும் போய் நின்று காரியத்தை முடிப்பார்கள். டப்ளினுக்கு இரண்டாம் முறை எழுதிய அந்தப் பயிற்றுநர் செய்ததும் இதே வேலைதான். அந்தக் கைகளில் சிலவற்றை வாரத்தில் ஒரு மாலை திடல் பக்கம் திருப்ப முடியாதா? பள்ளிக்குச் சொந்தத் திடல் இல்லாவிட்டால், மாநகர் மன்றத் திடலுக்கு மாலை நேர அனுமதி எழுதி வாங்க ஒருவர் வேண்டும். பிள்ளைகளை அடுக்குமாடியிலிருந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வேன் வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கும் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே சும்மா இருக்கிறார்கள். அரசின் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் 2014 முதல் நடக்கிறது. அதன் கீழ் பகாங்கின் கம்பாங்கில் மொக்தார் டஹாரி கழகம் இருக்கிறது. அங்கே தேர்வு நடக்கும் நாளில் நம் பையன் போய் நிற்க வேண்டுமானால், ஏழு வயதிலிருந்தே யாராவது அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

திறமை இங்கே இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 2016 பிப்ரவரியில் நம் மாநகர் அரங்கத்தில் பகாங்குக்கு எதிராக முகமட் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் போன பந்து காற்றிலேயே மறுபக்கம் திரும்பி வலைக்குள் புகுந்தது. அந்த ஆண்டின் உலகத்திலேயே சிறந்த கோல் என்று பிஃபா அதற்குப் புஷ்காஷ் விருது கொடுத்தது. டத்தோ கெராமாட்டில் ஒட்டுக்கடைக்கு எதிரே இருக்கும் ஓர் அரங்கத்தில் அடித்த கோல் அது.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் கேப் வெர்டேயைவிடச் சின்ன நாடு ஒன்றும் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. கரீபியன் கடலில் இருக்கும் குராசாவ். மக்கள் தொகை சுமார் ஒன்றரை லட்சம். பினாங்கு மாநிலத்தில் வாழும் இந்தியர்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எண்ணிக்கை போதாது என்ற பேச்சை நாம் இத்தோடு விட்டுவிடலாம்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழிலிருந்து தோட்டத்து அணிகளுக்காக இரண்டு பக்கங்கள் ஒதுக்குகிறோம். கலிடோனியா, பைராம், சங்காட், பத்து காவான், பிறை என்று எந்தத் தோட்டமானாலும் சரி. கெடா, பேராக் வாசகர்களும் எழுதலாம். உங்கள் அப்பாவோ தாத்தாவோ சித்தப்பாவோ அணியில் ஆடியிருந்தால், அவர் எந்த இடத்தில் ஆடினார், எந்தத் தோட்டத்தோடு மோதினார்கள், பந்து வாங்கிக் கொடுத்தது யார், திடல் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். நடையைப் பற்றிக் கவலை வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெண்கள் ஆடிய தோட்டம் ஏதாவது இருந்தால் அதை முதல் பக்கத்திலேயே போடுகிறோம்.

இப்போது எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் தனியாக எழுதுங்கள். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், வாரத்தில் எந்த மாலை முடியும் என்பதை மட்டும் குறித்தால் போதும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களோடு உங்களைச் சேர்த்துவைக்கும் வேலையை இந்த அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது. முதல் முறை எங்களிடமிருந்து பதில் வரத் தாமதமானால் இன்னொரு முறை எழுதுங்கள்.

பழைய படங்களை அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தில் ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லார் பெயரும் இடமிருந்து வலமாக வேண்டும். ஒரு பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள். நாங்கள் படத்தை அச்சிட்டுக் கேட்கிறோம். தெரிந்தவர் யாராவது எழுதுவார்.

அன்புடன்,
ஆசிரியர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு